மெயில் வந்த வழி

ஜூன் 3, செவ்வாய்

பெரிய டாக்டரின் அறையில் மவுஸ் மறுபடியும் சரியில்லையாம். ஜனவரியில் ஒன்று மாற்றினேன். ஏப்ரலில் ஒன்று. இன்றைக்கு இன்னொன்று. கழற்றிய பழையதை என் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இந்தக் கண் ஆஸ்பத்திரியில் கரண்டில் ஓடுகிற எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது 'கணினிப் பொறுப்பாளர்' என்றார்கள். போன வாரம் காபி மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு 19ஆம் தேதி கண்புரை ஆபரேஷன், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. பெரிய டாக்டர்தான் செய்யவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிய தேதி. "சின்ன டாக்டரும் நல்லாதான் பண்றாங்க அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன். "பண்ணட்டும், யார் வேணாம்னா? என் கண்ணை மட்டும் பெரியவர் பண்ணட்டும். அவருக்குக் கைராசி." பாங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவரோடு வாதாடி அவர் பெற்ற பிள்ளையே ஜெயித்ததில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் எம்மாத்திரம்.

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லார் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றது. டாக்டர்கள், நர்சுகள், அலுவலகம், மருந்துக்கடை, எல்லாருக்கும் ஒரே மெயில். அனுப்பியவர் பெயர் இல்லை. வாயில் நுழையாத எழுத்துகளில் ஒரு புது விலாசம். உள்ளே நாலு வரிதான்:

'பெரிய டாக்டரின் வலது கை நடுங்குகிறது. ஆறு மாதமாக நடுங்குகிறது. அவர் இனி ஆபரேஷன் செய்யக் கூடாது. யாராவது அவரை நிறுத்துங்கள்.'

சாப்பாட்டு அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் டப்பாவைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தோம்.

கை கழுவுவதற்குள் மச்சினர் கூப்பிட்டுவிட்டார். பெரிய டாக்டர் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரி நிர்வாகம் முழுக்க அவர் கையில். நேரில் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் மச்சினர். மரியாதையில் குறை வைப்பதில்லை.

"யார் அனுப்பினதுன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

"சார், அதுல எழுதியிருக்கற விஷயம்..."

"அதை விடுங்க. வேண்டாதவன் எவனோ எழுதியிருக்கான். இன்டர்நெட்ல முகவரின்னு ஒண்ணு இருக்குமில்ல, அதை வச்சு ஆளைப் பிடிங்க."

ஏதோ தபால்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார் என்பதுபோல. சினிமாவில் இரண்டு தட்டுத் தட்டினால் திரையில் சிவப்புப் புள்ளி வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாரும் என் உயிரை வாங்குகிறார்கள்.

நானும் அந்த மெயில் பொய் என்றுதான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

மச்சினருக்குப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டர் குற்றங்களில் கரைகண்ட நண்பர் ஒருவர் இருக்கிறாராம், அவருக்கு மெயிலை ஃபார்வர்ட் செய்திருக்கிறார். நண்பர் பத்து நிமிஷத்தில் போன் செய்து, "கண்டுபிடிச்சாச்சு. இது உன் மேசையில இருக்கற கம்ப்யூட்டர்ல இருந்துதான் வந்திருக்கு" என்றாராம். நண்பர்கள் இருவருக்கும் பேச்சு முற்றி, நட்பே போய்விடும்போல் ஆன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க ஃபார்வர்ட் பண்ணினா அதை அனுப்பினவர் நீங்கதான். கடுதாசியைப் பழைய உறையிலிருந்து எடுத்து உங்க உறையில போட்டு அனுப்பிட்டு, உறையில யார் விலாசம் இருக்குன்னு கேட்டா?"

"அப்ப பழைய உறை எங்க?"

"எனக்கும் அதே மெயில் வந்திருக்கே சார். அதுல இருக்கு."

"அதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

நேற்று சாயங்காலம் முழுவதும் அதைத்தான் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

பெரிய மெயில் கம்பெனிகள் அனுப்புகிறவர் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதை மறைத்துவிடும். இது யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன இலவச சேவை. முகவரி அப்படியே உறையில், அதாவது மெயிலோடு மறைவாக வரும் விவரங்களில், ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பார்த்தேன். நான் தினம் பார்க்கிற முகவரி. எங்கள் ஆஸ்பத்திரியுடையதே.

இங்கே உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டுக்குப் போவது ஒரே வாசல் வழியாக. வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே முகவரி. உள்ளே எந்த அறையிலிருந்து போனது என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டர் பெட்டிக்குத்தான் தெரியும். அதாவது அனுப்பியவர் உள்ளே இருப்பவர்.

இதை மச்சினரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அப்போது பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். "விட்டுடலாமேப்பா. அதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு, யார் எழுதினான்னு எதுக்கு?" என்றார். மச்சினர், "நீங்க சும்மா இருங்க மாமா, இதெல்லாம் முளையிலேயே கிள்ளணும்" என்றார். பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வந்து, கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 7, சனி

லீவு நாளிலும் வரச் சொன்னார். பல்வலி என்றேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

போயிருக்கவேண்டும். பல்லாவது வலித்திருக்கலாம்.

சனிக்கிழமை நான் இல்லாத நேரத்தில் மச்சினரே வாசல் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த மத்தியான நேரத்தில் அந்த மெயில் சேவைக்குப் போனது உள்முகவரி ஒன்றே ஒன்று. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பின்னால் குனிந்து ஸ்டிக்கரைப் படித்திருக்கிறார்.

ஸ்டிக்கர் கதையை எழுதினால்தான் எனக்கு ஆறும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருக்கிற பொருளுக்கெல்லாம் நம்பர் ஒட்டவேண்டும் என்று கிளம்பினார். நாற்காலிக்கு நம்பர், குப்பைத்தொட்டிக்கு நம்பர், குப்பைத்தொட்டியின் மூடிக்குத் தனி நம்பர். கம்ப்யூட்டருக்கு மட்டும், "அதுக்குத்தான் ஏற்கெனவே முகவரி இருக்கே, அதையே ஒட்டிடுங்க" என்றார். "சார், உள்முகவரி நிரந்தரம் இல்ல. மாறும்" என்றேன். "மாறுற நம்பரெல்லாம் ஒரு நம்பரா? ஒட்டுங்க." ஒட்டினேன். என் கையால் ஒட்டினேன்.

அவர் உள்ளங்கையில் இருந்த முகவரி, ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னறையில் இருக்கிற கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரில் இருந்தது. அதை உபயோகிப்பது தியேட்டர் அக்கா. பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவர். அவர் கேட்பதற்கு முன் கொடுத்துவிடுவார் என்பார்கள்.

காலையில் நான் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "விசாரணை முடியற வரைக்கும் வீட்ல இருங்க" என்று மச்சினர் சொல்லிவிட்டாராம். அக்கா தலைத்தொப்பியைக் கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டு நடந்தார். நான் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடினேன். மூச்சு வாங்க, "அக்கா, நீங்களா அனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்க வேறு கேள்வியா இல்லை?

"நீயும் கேக்கறியா" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டிக்கர் தப்பு. தப்பாகத்தான் இருக்கும் என்று தெரியும், நிரூபிக்க ஒரு பகல் ஆனது.

உள்முகவரி டோக்கன் மாதிரி. கம்ப்யூட்டரைப் போட்டதும் வாசல் பெட்டி கையிலிருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். சாதாரணமாக அதே டோக்கனைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுக்கும், அதனால்தான் ஸ்டிக்கர் இத்தனை மாதம் வண்டி ஓட்டியது. வியாழக்கிழமை பகலில் கரண்ட் போனது. பெட்டிக்குக் கீழே இருக்கும் பாட்டரி செத்து மாதக்கணக்காகிறது. புதிது கேட்டு நான் கரடியாய்க் கத்தியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரண்ட் திரும்பியதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதலில் விழித்த கம்ப்யூட்டருக்கு முதல் டோக்கன் என்று புதிதாக விநியோகம் செய்திருக்கிறது. மெயில் போனது அதற்குப் பிறகு. அப்போது தியேட்டர் அக்காவின் ஸ்டிக்கரில் உள்ள முகவரி வேறு யாரிடமோ இருந்திருக்கிறது.

யாரிடம் என்பதும் தெரியும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்த எண் ஒன்று உண்டு. அது மாறாது. டோக்கன் கொடுக்கும்போது பெட்டி அதையும் குறித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் பார்த்தேன்.

பெரிய டாக்டரின் அறைக் கம்ப்யூட்டர்.

மத்தியானம் அந்த அறை சாத்தியிருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து அவரைப் பற்றியே அவர் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்ப யாருக்குத் தைரியம்? சின்ன டாக்டருக்கா? பெரியவர் ஒதுங்கினால் தியேட்டர் முழுக்க அவருடையதுதானே. சே, என்ன புத்தி இது. இருந்தாலும் எழுதியதை அடிக்கப் போவதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

அறைக்குள் யார் போனார்கள் என்று கேட்க ஒரு சாக்கு வேண்டும். புது மவுஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லிப் போனேன். "இதுவும் சரியில்லம்மா" என்றார் பெரிய டாக்டர். "எப்படின்னு கொஞ்சம் காட்டுங்க சார், நீங்களே அழுத்துங்க" என்றேன்.

அழுத்தினார். திரையில் அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்கவில்லை. படத்தின் மேல் போய் உட்காரப் பார்க்கிறது, முடியவில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அல்லாடுகிறது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து மவுஸைப் பார்த்தேன். மவுஸின் மேல் இருந்த கையைப் பார்த்தேன்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"மாத்திடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னத்தை மாத்தப் போறேன்? மவுஸ் மவுஸ்னு மாத்திக்கிட்டே இருந்திருக்கேனே, ஒரு நாளாவது பக்கத்துல நின்னு பாத்தேனா? மூணு மவுஸும் நல்ல மவுஸ். இந்தக் கைதான் தினமும் கண்ணுக்குள்ள போகுது. 19ஆம் தேதி அத்தை கண்ணுக்குள்ள போகப்போகுது.

அந்த மெயில் உண்மை. ஒரு வாரமாக இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட அதை உண்மையா என்று கேட்கவில்லை. நானும்தான்.

ஜூன் 12, வியாழன்

ஆபரேஷனுக்கு என்று அத்தை புது நைட்டி வாங்கி வந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்றேன். முறைத்த முறைப்பில் கண்புரை இருப்பதாகவே தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நேராகக் கேட்டுவிட்டேன்.

"சார், அந்த மெயில் உங்க அறைக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போயிருக்கு. தியேட்டர் அக்கா அனுப்பல. அன்னைக்கு மத்தியானம் உங்க அறைக்கு யார் வந்தாங்க?"

"யாரும் வரலியே. நான்தான் இருந்தேன்."

"நீங்க வெளிய போன நேரத்துல யாராவது..."

"நான் எங்கயும் போகலம்மா. நான்தான் அனுப்பினேன்."

எனக்குப் புரியவில்லை. என் கேள்வி அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார்.

மச்சினரிடம் முதலிலேயே சொன்னாராம். "வயசானா எல்லாருக்கும்தான் மாமா, காபியைக் குறைங்க" என்று பதில். வீட்டில் சொன்னாராம். "ஓய்வே எடுக்கறதில்ல, அதான்" என்று ஒரு வாரம் வெளியூர் கூட்டிக்கொண்டு போனார்களாம். "தியேட்டர்ல யாரும் எதுவும் சொல்றதில்லம்மா. கஷ்டமான கேஸெல்லாம் எப்படியோ சின்ன டாக்டர் பக்கம் போயிடுது. கருவியை நான் வாங்கறதுக்கு முன்னாடி என் மணிக்கட்டுக்கு அடியில ஒரு துணியை மடிச்சு வைக்கறாங்க, நீங்க தியேட்டர் அக்காங்கறவங்க. கேட்டா, சும்மாதான் சார்ங்கறாங்க. எல்லாரும் சேர்ந்து என்னைத் தாங்கறாங்க. நிறுத்தத்தான் ஒருத்தரும் இல்ல."

"நீங்களே நிறுத்திக்கக் கூடாதா சார்?"

"தினம் காலையில நிறுத்தணும்னுதான் வரேன். வெளிய வரிசையில உக்காந்திருக்கறவங்க எழுந்து நின்னு கும்பிடறாங்க. இன்னைக்கு ஒரு நாள்னு உள்ள போயிடறேன். போன மாசம் ஒருத்தருக்குக் கண்ணுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சுபோச்சு. சின்ன டாக்டர் சரிபண்ணிட்டாங்க. அவருக்குப் பார்வை வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கல. பேர் போடாம யாரோ சொன்னா எல்லாரும் பதறிப்போய் நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன்."

பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. என்னை ஒரு வாரம் பெட்டி பெட்டியாக அலையவிட்டார், அது போகட்டும். "திங்கக்கிழமையிலேர்ந்து அக்கா வீட்ல உக்காந்திருக்காங்க சார். உங்களுக்குத் துணி மடிச்சு வச்சவங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை சொல்லிடறேன்" என்றார்.

ஜூன் 16, திங்கள்

சொல்லவில்லை. காலையில் ஒரு அரசாங்க அதிகாரியின் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு, மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். நல்லபடியாக முடிந்ததாம். நல்லபடியாக முடியாதா என்று வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது நான்.

பொறுத்தது போதும் என்று மச்சினரிடம் போனேன். பெட்டி, டோக்கன், பாட்டரி, மாறாத எண், எல்லாவற்றையும் தாளில் படம் போட்டு விளக்கினேன். தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கடைசியில், "மெயில் போனது பெரிய டாக்டர் அறையிலேர்ந்து சார்" என்றேன்.

யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப அந்தம்மா மாமா ரூமுக்குள்ளயே போயிருக்கா."

"சார், பெரிய டாக்டரே அனுப்பினார். என்கிட்ட அவர் வாயால சொன்னார்."

"சொல்லுவாரு. அவருக்குப் பெரிய மனசு. அந்தம்மாவைக் காப்பாத்தணும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அந்த ரூம் வாசல்ல ஒரு கேமரா போடுங்க."

ஆளை விட்டால் போதும் என்று வந்துவிட்டேன். ஆதாரத்தைக் கொடுத்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று என் படிப்பில் சொல்லித்தந்தார்கள். கேமராவுக்கு ஸ்டிக்கர் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார் மனுஷன்.

ஜூன் 17, செவ்வாய்

காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து, வியாழக்கிழமைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று கேட்டார். கத்தியை வைத்துவிட்டு அழுதுவிட்டேன். இவர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாமியார் மருமகள் விவகாரம் என்று நினைத்து மெதுவாகப் பின்வாங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். மவுஸிலிருந்து மச்சினர்வரை. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், "இதை அந்த டாக்டர்கிட்ட நேர்ல யாரு சொன்னீங்க?" என்றார்.

"எதை?"

"கை ஆடுதுன்னு."

யோசித்துப் பார்த்தேன். "யாரும் சொல்லல அத்தை. அவருக்கே தெரியுமே."

"அவருக்குத் தெரியும். பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எதிர்ல நின்னு சொல்ல ஒருத்தருக்கும் வாயில்ல. எவ அனுப்பினா எவன் அனுப்பினான்னு கம்ப்யூட்டரைக் குடைஞ்சுக்கிட்டிருக்கீங்க."

"சின்ன டாக்டர்கிட்ட தேதி மாத்திடலாம் அத்தை."

"தேதியை மாத்தாதே. நான் வரேன்."

"அவரா பண்ணப்போறார்?"

"பாக்கலாம்" என்றார். காயை அவரே நறுக்கினார். பாதி நறுக்கியதும் சரியாகத் தெரியவில்லை என்று கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

கை ஓயும்வரை எழுதிவிடுகிறேன்.

தியேட்டர் முன்னறை. அத்தைக்கு நீல கவுன், தலைத்தொப்பி. புது நைட்டி பையிலேயே இருந்துவிட்டது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தியேட்டர் அக்காவின் இடத்தில் வேறு ஒரு நர்ஸ், எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டர் அடுத்த கேஸ் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியர் வீட்டுக்காரர்கள் என்பதால் மச்சினரும் வந்திருந்தார், நலம் விசாரிக்க. அவர் விசாரித்தால் நலமாக இருப்பவர்களுக்கே காய்ச்சல் வரும்.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். பட்டியலில் இருக்கும் பெயர் என் மாமியார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். நின்றுவிட்டார்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார் அத்தையிடம்.

"கொஞ்சம் கையைக் குடுங்க டாக்டர்."

கைராசிக்காகக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் நினைப்பு. மச்சினர் சிரித்தார். பெரிய டாக்டர் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கை."

வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். அத்தை அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார்.

"ஆடுது டாக்டர்" என்றார். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று கவுன்ட்டரில் சொல்வாராமே, அந்தக் குரல்தான் இது என்று நினைக்கிறேன். அதில் கோபம் இல்லை, தயவுதாட்சண்யமும் இல்லை.

"அது ஏ.சி. குளிர்மா," என்று ஆரம்பித்தார் மச்சினர்.

"தம்பி, நான் உங்களைக் கேக்கல. எத்தனை நாளா இருக்கு டாக்டர்?"

"ஆறு மாசமா" என்றார் பெரிய டாக்டர்.

"அப்ப நீங்க பண்ண வேணாம்."

"பண்ணலம்மா."

அவ்வளவுதான். அவர் சின்ன டாக்டர் பக்கம் திரும்பி, "நீங்க பண்ணுங்க. இதை மட்டும் இல்ல, இனி எல்லாத்தையும்" என்றார். சின்ன டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "சரி சார்" என்றார். அந்தச் சரிக்காக ஆறு மாதம் காத்திருந்தவர்போல் கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் போன வாரம் செவ்வாய்க்கிழமை இவரைப் பற்றி எழுதியதை நினைத்துத் தலை குனிந்தேன்.

பிறகு மச்சினரிடம்: "அந்த மெயிலை அனுப்பினது நான். என் ரூம்ல உக்காந்து, இந்தக் கையால ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். வீட்டுக்கு அனுப்பினியே, அவங்களுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேளு. நானும் கேக்கறேன்."

"மாமா, வெளிய போய்ப் பேசிக்கலாமே."

"இங்கயே பேசியாச்சு" என்றார். இவ்வளவும் பேசும்போது கை அத்தையிடம்தான் இருந்தது. அத்தை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

நான் காரிடாருக்கு வந்து அழுதேன். நிம்மதியா, ஆத்திரமா, தெரியவில்லை. இரண்டு வாரம். எத்தனை பெட்டி, எத்தனை முகவரி, எத்தனை படம் போட்டு விளக்கம்.

ஜூன் 20, வெள்ளி

அத்தையின் கட்டைப் பிரித்தார்கள். பார்வை பளிச்சென்று இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து முதலில் சொன்னது: "இந்த ஃபேன்ல இவ்வளவு ஒட்டடையா?"

ஜூன் 23, திங்கள்

தியேட்டர் அக்கா திரும்ப வந்துவிட்டார். பெரிய டாக்டர் வாசலிலேயே காத்திருந்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அக்கா தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். மச்சினர் லீவு. பல்வலியாம்.

ஜூன் 26, வியாழன்

பெரிய டாக்டர் இப்போது காலையில் மட்டும் வருகிறார். வெளிநோயாளிகளைப் பார்க்கிறார், ஆபரேஷன் வேண்டியவர்களைச் சின்ன டாக்டரிடம் அனுப்புகிறார். தன் கைக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். அக்கா அவரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. எத்தனை நாள் இப்படியோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் மேசைக்கு வந்தார். பஸ் நிறுத்தத்தில் கேட்டதற்கு அதுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டேன்.

"நான் சந்தேகப்பட்டுக் கேக்கல அக்கா. இங்க அப்படி எழுதற தைரியம் உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லவேளை, நாற்காலியின் நம்பர் அவர் கண்ணில் படவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வீட்ல என் பையன்கூட, நீதானேம்மா அனுப்பினே, பெருமையா இருக்குன்னான். இல்லடான்னு சொன்னேன். அவன் முகம் எப்படியோ ஆயிடுச்சு" என்றார். "பழி போட்டாங்கன்னு நான் அழலடி. ஆறு மாசமா அந்தக் கைக்குப் பக்கத்துலயே நின்னிருக்கேன். துணிதான் மடிச்சு வச்சேன். அந்த மெயிலை நான் அனுப்பலையேன்னுதான் அழுதேன்."

அக்கா எழுந்து, நாளைய ஆபரேஷன் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நின்றுகொண்டே மேலிருந்து கீழ்வரை படித்தார். எல்லா வரியிலும் சின்ன டாக்டர் பெயர்தான். இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு தியேட்டர் பக்கம் போனார்.